பாப்பாவின் கணக்கு

பழைய கேம் டிஸ்க்கைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது, ஐயா. கீறல் விழுந்துவிடும். மெல்லிய துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். பல வருஷம் அதைச் செய்துதான் குடும்பத்தை ஓட்டினேன்.

ஒருவர் ஆடி முடித்த டிஸ்க்கை வாங்கி அடுத்தவருக்கு விற்பது என் தொழில். பிறகு ஒவ்வொரு கேமிலும் பாதி டிஸ்க்கில் வராமல், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதாக வர ஆரம்பித்தது. இறக்கியதெல்லாம் முதலில் வாங்கியவரின் இணையக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் கைமாறினாலும் அது மாறாது. "அண்ணே, இந்த கேமுக்குள்ள பாதி ஊரு பூட்டிக் கிடக்குதே" என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். அலமாரி நிறைய டிஸ்க், நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அதனால் கணக்கோடு சேர்ந்து கிடைக்கும் கேம் மெஷின்களைத் தேட ஆரம்பித்தேன்.

ஒரு பஸ் டிரைவர் துண்டில் சுற்றி ஒரு மெஷினைக் கொண்டுவந்தார்.

"பொண்ணோடது. காய்ச்சல்ல போயிட்டா. வீட்ல இருந்தா என் சம்சாரம் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கா. உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சிடுங்க."

பாஸ்வேர்டையும் சொன்னார். சரி என்றேன். திறந்து பார்த்தபோது அழிக்க மனசு வரவில்லை. அந்தப் பெண் இறக்கிவைக்காத பாகமே இல்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கடையிலேயே ஓடவிட்டேன்.

அதே கேமை மகள் அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. மகளின் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்ததும் அந்த அம்மா கேமிலேயே எழுதினார்: "பாப்பா, நீயா?"

இல்லை என்று சொன்னால் விசாரிப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றுவார்கள். மெஷின் வெறும் டப்பாவாகிவிடும். "நான்தாம்மா" என்று எழுதினேன்.

பழைய செய்திகளைப் படித்து அவளைப் போலவே எழுதப் பழகினேன். "சாப்பிட்டியாடி?" என்பார். "ஆச்சும்மா, நீ மாத்திரை போட்டியா?" என்பேன். அந்த அம்மா சந்தோஷமாகத்தான் இருந்தார். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

டிரைவர் மறுபடி வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"அண்ணே, அதை அழிச்சிட்டீங்கல்ல? பொண்ணு பேசறாள்னு என் சம்சாரம் சொல்றா. டாக்டர் மனசு சரியில்லங்கறார். போனை நீட்டறா. பாத்தா நானும் நம்பிடுவேனோன்னு வாங்கறதில்ல."

"அன்னைக்கே அழிச்சாச்சுண்ணே. அண்ணியைக் கொஞ்சம் நல்லா பாத்துக்குங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை.

கடைசியில் மெஷினுக்கு நல்ல கிராக்கி வந்தது. வாங்க வந்தவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "இந்தக் கணக்கு எங்களோடதுன்னு பின்னாடி யாரும் வந்து நிக்க மாட்டாங்களே?"

அவர் நின்றுகொண்டிருக்கும்போதே திரையில் அந்த அம்மாவின் செய்தி வந்தது. "யாருமே நம்ப மாட்டேங்கறாங்க பாப்பா. என்னால முடியல. உங்கிட்டயே வந்துடட்டுமா?"

கேமுக்குள் வருவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, ஐயா. எங்கே வரக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"வாம்மா" என்று எழுதினேன். பிறகு வாங்க வந்தவர் பக்கம் திரும்பி, "யாரும் வர மாட்டாங்க சார்" என்றேன்.