தேசிக்காய் நசுக்கிய படகும் சாலி நானாவும்

கங்கையோர வெள்ள நிவாரணச் சங்கத்தின் தலைவர் திரு. கிருஷ்ணராஜ் அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் செயற்குழு உறுப்பினர்களே, தெஹியோவிட்ட டவுனிலிருந்து வந்திருக்கும் பள்ளிவாசல் பெரியவர்களே, அரை நாள் சம்பளப் பேரை விட்டுக்கொடுத்து வந்து, படகுக் கொட்டகையாகிவிட்ட இந்தப் பழைய பிரட்டுக்களத்தின் தரையில் அமர்ந்திருக்கும் தோட்டத்து மக்களே, எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

நான் இந்தச் சங்கத்தின் செயலாளர், தோட்டப் பாடசாலை மாஸ்டர். பதின்மூன்று ஆண்டுகளாகத் தீர்மானங்களை எழுதி வருபவன். ஆகவே இன்று நான் சொல்லப்போவது எதுவும் மேடைக்குப் புதிதாக இருக்காது. எல்லாவற்றிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நானும் போட்டிருக்கிறேன்.

நம்மை விட்டுப் பிரிந்தவர் டயர் கடை முஹம்மது சாலி. நமக்கெல்லாம் சாலி நானா. சங்கத்தின் கௌரவத் தொழில்நுட்ப ஆலோசகர் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம். அந்தப் பட்டத்தை நாம்தான் கொடுத்தோம். ஆலோசகர் ஆலோசனை சொல்லலாம்; அதை யாரும் கேட்க வேண்டியதில்லை. பதினோரு ஆண்டுகள் அவர் சொன்னார், பதினோரு ஆண்டுகள் நாம் கேட்கவில்லை. இருதரப்பும் கடமை தவறவில்லை.

அவரது படத்துக்கு மாலை போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். வாங்கிய மாலை வீணாகக்கூடாது என்று நம் தலைவர் அதை மேடைக்குப் பின்னால் நிற்கும் படகுக்குப் போடச் சொன்னார். பார்க்கிறீர்கள். இறந்தது யார் என்று தெரியாமல் உள்ளே வருகிற ஒருவர், படகுதான் காலமாகிவிட்டது என்று நினைப்பார். அவர் நினைப்பதில் பெரிய தவறும் இல்லை.

இந்தப் படகு நம்மிடம் வந்த கதை உங்களில் இளையவர்களுக்குத் தெரியாது. முன்பு இங்கே தோட்டத்தை நடத்திய ஒரு துரை, லீவு நாட்களில் இதை ட்ரெய்லரில் கட்டி ஜீப்பின் பின்னால் இழுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போவார். இரண்டு பேர் படுக்க ஒரு சிறிய அறை உண்டு. மாற்றலாகிப் போகும்போது, தோட்டத்துக்குக் கீழே ஓடும் கங்கை பெருகும் காலத்தில் கரையோரக் கீழ் லயத்து வீடுகளின் ஜனங்களை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பதினெட்டு அடிப் படகு, இரண்டு சக்கர ட்ரெய்லர், ஓடுகிற என்ஜின். நாம் அதை மேம்படுத்தத் தொடங்கினோம்.

முதல் ஆண்டு இருபுறமும் சங்கத்தின் பெயரை எழுதினோம். இரண்டாம் ஆண்டு தலைவரின் பெயரை அதைவிடப் பெரிதாக எழுதினோம். பிறகு அறைக்குத் திரைச்சீலை, இருக்கைகளுக்கு மெத்தை, தலைவர் நின்று கையசைக்கப் பித்தளைக் கம்பி, முன்னால் இரண்டு ஒலிபெருக்கி, மேலே தகரக் கூரை. ஒவ்வொன்றும் ஏகமனதாக நிறைவேறியது. ஒவ்வொரு முறையும் சாலி நானா கடைசி வரிசையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "மாஸ்டர், வீலுக்கு கிரீஸ் எப்ப போடுறீங்க?"

அந்தக் கேள்வியை நான் ஒருமுறை கூட எழுதி வைக்கவில்லை. மெத்தையின் நிறத்தை எழுதி வைத்திருக்கிறேன். மெரூன்.

சாலி நானா நம்மை மதிக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். இறந்தவரின் நற்குணங்களைச் சொல்லத்தானே கூடியிருக்கிறோம். நம்மைச் சரியாக எடைபோட்ட ஒரே மனிதர் அவர். முகத்துக்கு நேரே சொன்னார், சிரிக்காமல் சொன்னார். ஒருமுறை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தார். களத்துக் கூரையும் படகுக் கூரையும் ஒழுகி உள்ளே ஓரடித் தண்ணீர். அடியில் தண்ணீரை வெளியே விடும் துளையைப் பெயின்ட் அடித்தவர்கள் அழகாக அடைத்துவிட்டார்கள். டெங்கு நுளம்புக் குடம்பிகள் நீந்திக்கொண்டிருந்தன. எச்சரிக்கைக் கடிதம் சங்கத்தின் பெயருக்கு வந்தது. தலைவர் அதைப் படித்து வருந்திக்கொண்டிருந்தபோது சாலி நானா ஆறுதல் சொன்னார். "வருத்தப்படாதீங்க தலைவரே. ஒங்கட போட்டு கங்கைக்குப் போகாட்டியும், கங்கைய உள்ளுக்குக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க. நுளம்பாவது நீந்திப் பழகட்டும்."

சரி, பதினோரு ஆண்டுகளில் நாம் அந்த ட்ரெய்லரைத் தொடவே இல்லையா? தொட்டோம். ஆண்டுக்கு ஒரு நாள் தொட்டோம். ஆயுத பூசையன்று.

அன்றைக்குப் படகுக்கும் ட்ரெய்லருக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. இரண்டு சக்கரத்தின் முன்னாலும் தேசிக்காய் வைப்போம். தலைவர் தேங்காய் உடைத்ததும் எல்லோரும் சேர்ந்து தள்ளுவோம். சக்கரம் ஓரடி நகரும், தேசிக்காய் நசுங்கும், கைதட்டுவோம், இந்தக் களத்தின் கதவைப் பூட்டுவோம். ஆண்டுக்கு ஓரடி. ஒன்பதாம் ஆண்டு ட்ரெய்லர் எதிர்ச் சுவரில் போய் முட்டி நின்றது. அதற்கு ஒரு விசேஷக் கூட்டம் கூட்டி, ஒன்பது அடியும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தோம். அதுவரைக்கும் அந்தப் படகு சென்ற மிக நீண்ட பயணம் அதுதான்.

அந்த ஒரு நாளைத் தெரிந்துகொண்டு சாலி நானா கிரீஸ் டின்னோடும் ஸ்பேனரோடும் வாசலில் வந்து நிற்பார். தலைவர் சொல்வார், "நானா, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதுங்க. எல்லாம் சாமி முன்னால வச்சிருக்கோம். பூசை செஞ்ச வீலைக் கழட்டினா நல்லாவா இருக்கும்?" நானா அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. பிறர் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தவர். "சரி, நாளைக்கு வாறேன்" என்பார். நாளைக்கு வருவார். கதவு பூட்டியிருக்கும். திறப்பு தலைவரிடம் இருக்கும். தலைவர் டவுனில் இருப்பார்.

இதைக் கவனியுங்கள். ஆண்டில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் கதவு பூட்டியிருக்கும். கதவு திறந்திருக்கும் ஒரே நாளில் ஆயுதத்தைத் தொடக் கூடாது. நாம் கிரீஸ் போட மறந்தோம் என்று சொல்லாதீர்கள். கிரீஸ் போட முடியாதபடி இத்தனை ஒழுங்காக ஏற்பாடு செய்ய வேறு எந்தச் சங்கத்தால் முடியும்?

தலைவர் ஒரு துண்டுக் காகிதம் நீட்டுகிறார். "சுருக்கமாக முடிக்கவும்" என்று எழுதியிருக்கிறது. தலைவரின் கையெழுத்து அழகாக இருக்கிறது. நன்றி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைகாசியில் கங்கை பெருகியது. காலை எட்டு மணிக்குக் கீழ் லயத்தில் இடுப்பளவு தண்ணீர். பதினொரு குடும்பமும் கூரையில். டவுனிலிருந்து திறப்பு வரப் பத்து மணி ஆயிற்று. தோட்டத்து ட்ரக்டரில் ட்ரெய்லரைப் பூட்டினோம். இழுத்தோம். நாற்பது யார் தூரம் போனது. பதினோரு ஆண்டு துருவேறிய வலப்பக்கத்துப் பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை, தேய்ந்தது, புகைந்தது, சாய்ந்தது. ட்ரெய்லர் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி உட்கார்ந்துவிட்டது. அந்த ரோட்டைத் தவிரக் கீழ் லயத்துக்கு வேறு ரோடு இல்லை. பின்னால் இராணுவத்தின் ட்ரக் படகோடு வந்து நின்றது. அதனால் முன்னே போக முடியவில்லை. ஆட்களை ஏற்ற வேண்டிய நம் படகு, ஆட்களை ஏற்ற வந்த படகையும் மறித்து வைத்திருந்தது. எவ்வளவு நேரம்? மூன்று மணி நேரம். மெத்தையும் பித்தளையும் தகரமும் ஏற்றிய பாரத்தைத் தூக்கி நகர்த்த அவ்வளவு நேரம் ஆயிற்று.

அந்த நேரத்தில் நம் தலைவர் உயிர்காப்பு அங்கி அணிந்து படகில் ஏறிப் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுக்கப்பட்டது. மீட்புப் பணியில் தலைவர் என்று அன்றே முகநூலில் வந்தது. சாலி நானா அவ்வழியே வந்தார். தோளில் லொறி டியூப் இரண்டு, பின்னால் மகன் இக்ராமின் தலையில் இரண்டு, கையில் கடைக் கதவின் பலகை. நின்று பார்த்தார். "மாஸ்டர், தலைவர் காஞ்ச ரோட்டுல தத்தளிக்கிறாரு. யாராச்சும் ஒரு கயிறு வீசுங்கொ" என்றார். சொல்லிவிட்டு நிற்கவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

நான்கு டியூப்பைக் கட்டி மேலே கதவைப் போட்டார். ஆறு தடவை போய் வந்தார். முதல் தடவை துஷ்யந்தி. அவர் இன்று மூன்றாம் வரிசையில் குழந்தையோடு இருக்கிறார். அன்று அவருக்கு எட்டு மாதம். கூரை வளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நானா, எனக்கு பயமா இருக்குங்க. இது வெறும் டியூப்புதானே?" என்று அழுதிருக்கிறார். நானா சொன்னது இது. "மகள், இது டயர் கடைக்காரன்ட டியூப். சங்கத்துட போட்டு இல்ல. பயப்படாம ஏறுங்கொ."

ஒரு மனிதனின் தொழிலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் உண்டா? ஒரு சங்கத்துக்கு இதைவிடச் சரியான சான்றிதழ் உண்டா?

வெள்ளம் வடிந்த மறுவாரம் நாம் கூடினோம். தலைவரின் சேவையைப் பாராட்டித் தீர்மானம் எழுதினேன். கூடி முடித்து வெளியே வந்தபோது சாலி நானா பிரட்டுக்களத்துக் கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்ன நானா செய்றீங்க?" என்று தலைவர் கேட்டார். "ஒங்கட பூட்டுல நான் கைய வெக்கல்ல தலைவரே. பூட்டு பத்திரமா ஈக்கி. கதவத்தான் கழட்டுறேன்." அதற்குப் பிறகு இந்தக் களத்துக்குக் கதவு இல்லை. வரும்போதே கவனித்திருப்பீர்கள்.

இரண்டு ஆண்டுகள். கடை மூடிய பின் அந்திப் பொழுதுகளில் வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துவிட்டு வந்தார். தகரக் கூரையைக் கழற்றினார். ஒலிபெருக்கியைக் கழற்றினார். மெத்தையைக் கீழ் லயத்தில் முதுகு வலிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். அடைத்த துளையைத் திறந்து மூடி போட்டார். ட்ரெய்லரின் துருவைச் சுரண்டி, வளைந்த அச்சை மாற்றி, இடப்பக்கத்துச் சக்கரத்தை முடித்தார். என்ஜினை இறக்கித் தண்ணீர்ப் பீப்பாயில் ஓட்டிப் பார்த்தார். அவர் படகை மேம்படுத்தவில்லை. நாம் மேம்படுத்தியதை எல்லாம் நீக்கினார். உள்ளே படகு இருந்தது.

வலப்பக்கத்துச் சக்கரத்தை வேலைக்காக வீட்டுக்கு எடுத்துப் போனார். ட்ரெய்லரின் அந்தப் பக்கத்தைச் செங்கல்லில் நிறுத்திவிட்டுப் போனார். சென்ற மாதம் மாரடைப்பு. அன்று மாலையே ஜனாஸா. அவருக்கு நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று பள்ளிவாசல் பெரியவர்கள் முறைப்படி துஆ கேட்டுவிட்டார்கள். அதில் நான் சேர்க்க எதுவும் இல்லை.

இனி இன்றைய நிகழ்ச்சி நிரலின் இரண்டாம் பகுதி. என் கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. படகைச் சந்தியில் சிமெந்து மேடை கட்டி, அதன் மீது நிரந்தரமாகப் பதித்து, சாலி நினைவுப் படகு என்று பெயரிட வேண்டும், சுற்றிலும் கம்பிவேலி, மீண்டும் தகரக் கூரை. மேடைக்குக் குழி தோண்டியாயிற்று. செயலாளர் கையொப்பம் மட்டும் பாக்கி.

இந்தத் தீர்மானத்தை நான் மூன்று முறை வாசித்தேன். ஒரு மனிதன் ஆயுளின் கடைசி இரண்டு ஆண்டுகளைச் செலவழித்து அந்தப் படகை ஓட வைத்தான். அவனைக் கௌரவிக்க அதைச் சிமெந்தில் பதிக்கிறோம். பதினோரு ஆண்டு துருவால் செய்ய முடிந்ததை நாம் ஒரே நாளில், மரியாதையோடு செய்துவிடுவோம். வைகாசிக்கு இன்னும் மூன்று வாரம். கீழ் லயம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே அதே பதினொரு குடும்பம், துஷ்யந்தியின் குழந்தையோடு ஒரு தலை கூடுதலாக. கங்கை இரண்டாம் முறை ஏறி வரும்போது சாலி நானா டியூப்போடு வரமாட்டார். அவர்கள் சந்தியில் இருக்கும் நினைவுப் படகை நினைத்துக்கொள்ளலாமா?

தலைவர் இரண்டாவது துண்டு நீட்டுகிறார். இதை நான் வாசிக்கவில்லை.

இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பதின்மூன்று ஆண்டுகளில் நான் போடாத முதல் கையெழுத்து இது. இதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம். மெரூன் மெத்தைக்குப் போட்டவன் நான்.

இன்று காலை சாலி நானாவின் மகள் ஸாஹிரா ஆட்டோவில் வந்து என்னிடம் ஒன்றைக் கொடுத்தார். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் தாயார் பஸீஹா வெளியே வர முடியாது, சொல்லி அனுப்பியிருக்கிறார். "வாப்பா மௌத்தாகுற அண்டைக்கும் இதத்தான் தொடச்சிட்டு இருந்தாரு. வேல முடிஞ்சி. ஊட்டுல வெச்சி அழுறதுக்கா இத செஞ்சாரு, போட்டுல மாட்டச் சொல்லுங்கொன்னு உம்மா சொன்னா." அவ்வளவுதான் செய்தி. மேடையோரத்தில் அதை மூடியிருக்கும் அந்தத் துணியை எடுங்கள். இதுதான் வலப்பக்கத்துச் சக்கரம். புதுப் பேரிங், புது டயர், உள்ளே நிறைய கிரீஸ்.

மறைந்தவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று இப்படிப்பட்ட கூட்டங்களின் முடிவில் உறுதி எடுப்பார்கள். பெரிய மனிதர்கள் விட்டுச்செல்லும் பணி பெரும்பாலும் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. சாலி நானா அந்தச் சிரமத்தை நமக்கு வைக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற பணி நான்கு நட்டு. ஸ்பேனர் இக்ராமிடம் இருக்கிறது. ட்ரக்டர் வெளியே நிற்கிறது. கங்கைக்கரை அரை மைல்.

இன்னும் ஐந்து பேர் பேச இருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும். ட்ரெய்லரின் வலப்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க எனக்கு எட்டுப் பேர் வேண்டும். கீழ் லயத்து ஆட்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டீர்கள், முன்னால் வாருங்கள். மேடையில் இருப்பவர்கள் தூக்க வேண்டாம். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனால் போதும். படகு போகும் வழியில் அமர்ந்திருக்கிறீர்கள்.