வெளிய வாங்க

விலை விஷயத்துக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை மனசுல கிடக்கு, அதை இறக்கி வெச்சிடுறேன். பின்வரிசையில போன் பாக்குறவங்களும் கொஞ்சம் காது கொடுங்க.

இங்க உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் பட்டாசு விக்கிறவங்க. விக்கிறீங்க, சரி... செய்யிற இடத்துக்குள்ள எத்தனை பேர் போயிருக்கீங்க? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். தள்ளுவண்டியில மத்தாப்பு வித்த காலத்துல நானும் போனதில்ல. கையில நாலு காசு சேர்ந்து, சரக்கை நேர்ல பாத்து வாங்கணும்னு வந்தப்பதான் போனேன்.

சாத்தூர் பக்கம் ஒரு ஆலை. பேரு வேண்டாம். பொட்டல் காடு. தனித்தனியா சின்னச் சின்ன அறை. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி. எதுக்கு இடைவெளி? ஒரு அறை போனாலும் அடுத்த அறை தப்பிக்கணும்... அதுக்கு. செருப்பு கிடையாது. போன் கிடையாது. கொலுசைக்கூடக் கழட்டி வெச்சிட்டுத்தான் உள்ள போகணும்.

அந்த ஆலையில ஒரு பழக்கம். 'வெளிய வா'ங்கிற வார்த்தையை யாரும் சும்மா சொல்ல மாட்டாங்க. ஒருத்தரைக் கூப்பிடணும்னா, அறை வாசல்ல போய் நின்னு மெதுவாப் பேரைச் சொல்லணும். 'வெளிய வா'ன்னு குரல் கேட்டா ஒரே அர்த்தம்... எங்கயோ தீப் பிடிச்சிருச்சு. ஓடு. திரும்பிப் பாக்காத. இதை யாரும் எழுதி ஒட்டி வெக்கல. பொழைச்சவங்க பழகிக்கிட்டது.

நான் போன அன்னிக்கு முதலாளியோட மாப்பிள்ளை வந்திருந்தார். சுதாகர்னு பேரு, திருப்பூர்ல பனியன் கம்பெனி. நல்ல மனுஷன். அன்னிக்குத்தான் அவருக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. கார் நிறைய லட்டு. ஆலை கேட் பக்கத்துல நின்னு, சந்தோஷம் தாங்காம, கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் வெளிய வாங்க... சீக்கிரம் வெளிய வாங்க."

அவர் கம்பெனியில அப்படிக் கூப்பிட்டா என்ன நடக்கும்? மெஷினை நிறுத்திட்டு சிரிச்சுக்கிட்டே வருவாங்க. இங்க என்ன நடந்துச்சு? ... சத்தமே இல்லைங்க. அதுதான் எனக்கு இன்னும் மறக்கல. ஒருத்தரும் அலறல. வெறுங்கால் ஓடுற சத்தம் மட்டும். அத்தனை பேரும் வேலியைப் பாத்து ஓடுறாங்க. தீ எங்கன்னு தெரியாம நானும் ஓடினேன்.

ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினா. குருவம்மா. சரவெடி பின்னுறவ. அவ மக காளீஸ்வரி கடைசி அறையில மருந்து அடைக்கிற பொண்ணு.

"ஏ மதினி, அங்க எங்க போற? கிறுக்கு பிடிச்சவளே, இங்கிட்டு வா."

வேலியில இருந்து கூப்பிடுறாங்க. அவ திரும்பல.

நான் நின்ன இடத்துல இருந்து அந்த அறை நேரா தெரியுது, பேச்சும் காதுல விழுது. கூட இருந்தவங்க ஓடிட்டாங்க. காளீஸ்வரி மட்டும் நிக்கிறா. கையில தட்டு. தட்டு நிறைய மருந்து அடைச்ச குழாய். கால் நகரல. தட்டு ஆடுது... குழாய் ஒண்ணோட ஒண்ணு உரசுது. அந்தத் தட்டு கீழ விழுந்தா என்ன ஆகும்? இல்லாத தீ வந்துரும்.

குருவம்மா வாசல்ல நின்னுட்டா. அவ மனசுல ஆலை எரிஞ்சுக்கிட்டிருக்கு. ஆனா பாருங்க, 'வெளிய வா'ன்னு அவ சொல்லல. அந்த வார்த்தைதான் மகளைக் கல்லா நிறுத்தியிருக்குன்னு பெத்தவளுக்குத் தெரிஞ்சிருச்சு. மூச்சை அடக்கிக்கிட்டு, அடுப்படியில நின்னு பேசுற மாதிரி பேசுறா...

"தாயி, அந்தத் தட்டை வெச்சிட்டு வா, சாப்பிடுவோம். கருவாட்டுக் குழம்பு வெச்சிருக்கேன்."

"எம்மா... தீயி..."

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. குழம்பு ஆறிப்போகும், வா."

தட்டு மெல்லத் தரைக்குப் போச்சு. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. ஓடல. நடந்து வந்தாங்க.

மாப்பிள்ளை லட்டு டப்பாவோட நிக்கிறார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? லட்டு கொடுக்கத்தானே கூப்பிட்டேன்?"

ஒரு அக்கா தரையில உட்கார்ந்தே சொல்றாங்க, "கொடுங்க மாப்ள. திங்கிறதுக்கு உசுரு மிச்சம் இருக்கு."

யாரும் சிரிக்கல. குருவம்மாதான் அவர்கிட்ட வந்தா. "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல மாப்ள. எங்க வீட்டுக்காரர் செத்த அன்னிக்கும் இதேதான் சொல்லிக் கூப்பிட்டாங்க. எல்லாரும் வந்தாங்க. அவுக வரல."

கேட்டீங்களா? சொன்னவர் வாயில அது லட்டு. கேட்டவ காதுல அது புருஷனோட பிணம். வார்த்தை ஒண்ணுதானே? ஒண்ணுதான். அதைச் சொன்னவர் ஒரு வாழ்க்கையில நின்னு சொன்னார், அவ வேற ஒரு வாழ்க்கையில நின்னு கேட்டா.

நாம ஆலை வெக்கலியே, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. 'நாளைக்கு வந்து என்னைப் பாரு'ன்னு கடைப்பையன்கிட்ட சொல்லிட்டு நீங்க நிம்மதியாத் தூங்கப் போறீங்க. சம்பளம் கூட்டிக் கொடுக்கத்தான் கூப்பிட்டிருப்பீங்க. முன்னாடி வேலை பாத்த கடையில அதே வார்த்தையைச் சொல்லித்தான் அவனை வேலையை விட்டு நிறுத்தியிருப்பாங்க. அன்னிக்கு அவன் வீட்டுல யார் தூங்குவா? ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்றதுல நமக்கு என்ன நஷ்டம்? விஷயத்தை முதல்ல சொல்லுங்க, அப்புறம் கூப்பிடுங்க.

உங்ககிட்ட வேலை பாக்குறவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? ... தெரியாதுன்னா, நீங்க இத்தனை வருஷம் அவங்ககிட்ட என்ன பேசியிருக்கீங்கன்னும் உங்களுக்குத் தெரியாது.