ஏழு நிமிடம் முன்னால் ஓடிய கடிகாரம்

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஆஸ்பத்திரி இயக்குநர் டாக்டர் கல்யாணராமன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் சங்க நிர்வாகிகளே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் திரு. தானியேல் அவர்களே, இந்தத் தில்லிக் குளிரிலும் ஆர்.கே.புரத்திலிருந்தும் முனிர்காவிலிருந்தும் வந்து கூடியிருக்கும் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

என் பெயர் ராஜசேகரன். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குப் பொறுப்பாளன். ஐந்து நிமிடம் பேசலாம், கோபப்படாமல் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இரண்டுமே என்னால் முடியாது. மன்னிக்க வேண்டும்.

டாக்டர் வினோலியா தானியேல் பொறுமையின் சிகரம் என்று எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் சொன்னார்கள். எந்த வினோலியாவைச் சொல்கிறார்கள்? நான் ஆறு வருஷம் சண்டை போட்ட வினோலியாவுக்கும் பொறுமைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது! பிடித்தால் விடமாட்டார். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு, சனிக்கிழமை ஸ்கேன் நேரம் போய்விடும் என்று வந்து நின்றவர் அவர். "வீட்டுக்குப் போங்கள் மேடம்" என்றேன். "முடிச்சிட்டுப் போறேன் சார்" என்றார். அது டெங்கு. அடுத்த சனிக்கிழமை அவர் இல்லை. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. வீட்டுக்குள் "சாப்டாச்சா?" என்று கேட்கிற நம் வாய், வாசலுக்குப் போனதும் காய்கறி விற்கும் சப்ஜிக்காரனிடம் "பையா, ஆலு கைசே தியா?" என்று உருளைக்கிழங்கு விலை கேட்கிறதே! தமிழிலிருந்து ஹிந்திக்குத் தாவுகிற அந்த ஒரு நொடியில் மண்டைக்குள் என்ன நடக்கிறது? இதுதான் அவர் கேள்வி. தலையில் சின்னச் சின்ன உலோக வில்லைகளை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிந்தால், அது எந்த நொடியில் நடந்தது என்று தெரியும். எந்த இடத்தில் என்று சரியாகத் தெரியாது. ஸ்கேன் படம் எடுத்தால் ரத்தம் எங்கே பாய்கிறது என்று இடம் தெரியும், நொடி தெரியாது. இரண்டையும் ஒரே தலையில், ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்றார் வினோலியா.

எவ்வளவு நியாயமான ஆசை! ஆனால் மின்பதிவு இயந்திரம் ஒரு துறையின் சொத்து. ஸ்கேன் இயந்திரம் இன்னொரு துறையின் சொத்து. இரண்டையும் ஒரு வயரால் இணைக்க அனுமதி கேட்டு ஃபைல் போனது. மாடி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அனுமதி வரவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, பெருமக்களே. "என் காந்தத்துக்குள் உங்கள் வயரா?" என்று குதித்தவன் நான்தான். கடைசியில் அவரவர் இயந்திரம், அவரவர் கடிகாரம் என்று ஏற்பாடு. இரண்டு கடிகாரத்தின் நேரத்தையும் பார்த்துப் பின்னால் பொருத்திக்கொள்ள வேண்டியது அவர் தலைவிதி.

அடுத்த தொல்லை எண்ணெய்! தமிழன் தலையில் எண்ணெய் இருந்தால் வில்லை ஒட்டாது. சோதனைக்கு முதலில் வந்தவர்களுக்கெல்லாம் பக்கெட்டில் வெந்நீர் வைத்துத் தானே தலை தேய்த்துவிட்டார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்கள். நாகர்கோவில் சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். எதற்கு? மொட்டை போட்ட பக்தர்களைப் பிடிக்க! அதோ, நான்காவது வரிசையில் ஜோதிலிங்கம் அண்ணாச்சி சிரிக்கிறார். அவரிடம் கேட்ட கேள்வி எனக்கு மனப்பாடம். "பழனியா, திருச்செந்தூரா? எந்த ஊரு மொட்டையானாலும் எனக்குச் சரிதான் சார். சனிக்கிழம வாங்க, இட்லி தாறேன்." இப்படி நாற்பத்தொரு தலை சேர்த்தார். ஐம்பது சேர்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

முதல் பதினொரு பேர் முடிந்ததும் ஒரு விபரீதம். கேள்வி கேட்டவுடன் மின்சாரம் பதில் சொல்கிறது. ரத்தமோ ஏழு நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்கிறது! ஐந்தாறு நொடியில் வர வேண்டிய ரத்தம்! கூட்டத்தில் இதை அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். "மத்திய சர்க்கார் மூளை மேடம், ஃபைல் நகர ஏழு நிமிஷம் ஆகும்" என்று சொன்னவன் நான். அவர் சிரிக்கவில்லை. நான்கு மாதம் அதே பதினொரு பதிவுகளோடு மல்லுக்கட்டினார். உடம்பு இளைத்துப் போனார். பிறகு திடீரென்று எல்லாம் பொருந்திவிட்டது என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த இன்டர்காம் தொல்லை ஆரம்பித்தது. தினமும் காலை ஒன்பதுக்கு மணி அடிக்கும். "ராஜசேகரன் சார், உங்க ஸ்கேன் கன்சோல்ல மணி என்ன?" ஐந்து வருஷம்! வேலை மும்முரத்தில் எரிச்சல் வருமா வராதா? "ஏன் மேடம், கையில் வாட்ச் இல்லையா?" என்று கத்தியிருக்கிறேன். "இருக்கு சார். உங்க மணியச் சொல்லுங்க" என்பார். சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவார். கிறுக்கு என்றே நினைத்தேன். இரண்டு பேரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

போன வாரம் தானியேல் சாரும் நானும் அவர் மேஜையைக் காலி செய்தோம். ஒரு நோட்டு கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தைப் படிக்கிறேன்.

"ஸ்கேன் கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடுகிறது. காரணம் 5.40 பஸ். ஸ்கேன் இரைச்சல் மின்பதிவில் தொடங்கும் இடத்தை வைத்துப் பழைய பதினொன்றையும் மீட்டாயிற்று. வெளியே சொன்னால் ராஜசேகரன் சார் மேல் விசாரணை வரும். தினம் அவரிடம் மணி கேட்டு வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம்."

இந்தச் சபையில் இருக்கும் பாதிப் பேர் ஆபீஸ் சார்ட்டர்ட் பஸ்ஸில் போகிறவர்கள். உங்களுக்குத் தெரியும். 5.40 என்றால் 5.40. ஒரு நொடி நிற்காது. அந்த பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் கன்சோல் கடிகாரத்தை ஏழு நிமிடம் தள்ளி வைத்தவன் நான். பல வருஷமாக அப்படியே இருந்ததால், தள்ளி வைத்ததே எனக்கு மறந்துபோயிற்று. அவருடைய நான்கு மாதத்தைத் தின்றது என் பஸ்!

ஏன் மேடம், என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நான் உங்களைக் கிறுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது, உங்கள் மேலும், என் மேலும்.

இயக்குநர் அவர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். நாளை திங்கட்கிழமை டாக்டர் வினோலியாவின் அறையைக் காலி செய்து ஸ்டோருக்குக் கொடுக்க உத்தரவு வந்திருக்கிறது. அந்த அலமாரியில் நாற்பத்தொரு பேரின் பதிவுகள் இருக்கின்றன. பட்டியலில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? "உபயோகமற்ற பழைய டிஸ்க்குகள்." நம் ஜோதிலிங்கம் அண்ணாச்சியின் மண்டை பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனுக்குப் போகப் போகிறது! அறையையும் சனிக்கிழமை நேரத்தையும் இந்த வேலைக்கே விட்டுவைக்க வேண்டும், அந்த ஒரு வயருக்கு அனுமதி தர வேண்டும் என்று அவர் வைத்த ஃபைல் எட்டு மாதமாக உங்கள் மேஜையில் தூங்குகிறது. நீங்கள் சற்று முன் அவரை மாமேதை என்று புகழ்ந்தீர்கள். ரொம்ப அச்சா. மாமேதைக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

ஃபைலின் நகலை எடுத்து வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் ஒப்புதல் கடிதம் இருக்கிறது. கடிகாரத்தைத் தள்ளி வைத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணை வைக்க வேண்டுமா, வையுங்கள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் வாங்கிக்கொள்ளும்வரை இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. செயலாளர் மன்னிக்கட்டும்.

மீதி ஒன்பது தலையையும் நான் சேர்ப்பேன். வெந்நீர் வைப்பேன், தலை தேய்ப்பேன், மலை மந்திர் படிக்கட்டில் நிற்பேன், இட்லியும் கொண்டு வருவேன். தானியேல் சார், உங்கள் முன்னால் இந்த வாக்கைக் கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சரி செய்தேன். ஒன்பது மணிக்கு இன்டர்காம் அடிக்கவில்லை. நானே எடுத்து அவர் அறை எண்ணைப் போட்டேன். ஆளில்லாத அறையில் அது வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் 5.40 பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஒன்பது மணி, மேடம். கழிக்க ஒன்றும் இல்லை.