சூட்டோடு குளித்த கார்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பேருந்தில், என் பின் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பட்டறையில் விட்ட காரை எடுக்கப் போகிறவர்கள்.

“குளிப்பாட்டி குளிப்பாட்டித்தான் வண்டிக்கு நடுக்கம் வந்ததாக்கும்” என்று அந்த அம்மா சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எட்டி, மெதுவா பேசு.”

“எதுக்கு? அம்பூரி மலையில பிரேக்க காலால சவுட்டி சவுட்டி இறங்குவிய. சக்கரத்துல உள்ள பிரேக் டிஸ்க்கு அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டுலயே வாய்க்கால் வெள்ளத்த கோரி ஊத்துவிய. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவ வண்டி மினுங்கணும் இல்லியா?”

“எம்பது ஸ்பீடுல போயி சவுட்டினா ஸ்டியரிங்கு கையில கெடந்து துள்ளிச்சு. நான் டயருன்னு நெனச்சேன். சூட்டுல வெள்ளம் பட்டா டிஸ்க்கு கோணும்னு யாரு கண்டா?”

“நாளைக்கு மவளுக்க கல்யாணம். அந்த வண்டியில அவள ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன். வாடகைக் காரு சொல்லியாச்சு.”

அப்போது கணவருக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது.

“ரெண்டு டிஸ்க்கும் மாத்தியாச்சா? ஹைவேயில ஓட்டிப் பாத்தியளா? எம்பதுல சவுட்டியும் ஆடேல்லியா?” அவர் போட்ட சத்தத்தில் பேருந்தே திரும்பிப் பார்த்தது. “எட்டி, எனக்க மவள நான்தான் ஓட்டிக் கொண்டுபோவேன்!”

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். “சரி. வாடகைக் காரு வேண்டாம்னு இப்பமே சொல்லிருகேன்.”

இறங்குவதற்கு எழுந்தார்கள். கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“வண்டிய எடுக்கோம், ஹைவேயில ஒரு ஓட்டு ஓட்டுகோம், நேர வாய்க்காலுக்கு விட்டு நல்லா ஒரு கழுவு...”

“வாடகைக் காரே வரட்டு” என்றார் அந்த அம்மா.