நாதனைப் பார்த்தவர்கள்

இரவு பதினொன்றரை இருக்கும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கை. கடைசி ரயிலும் போய்விட்டது. இரண்டு பக்கமும் வீடுகள், வீடு முழுக்கச் சனம்... ஆனால் ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை. றவுண்டப் என்றால், ஆமி வந்து வீடுவீடாகச் சோதிக்கிற இரவென்றால், அப்படித்தான். முதலில் நாய்கள் குரைக்கும். பிறகு நாய்களும் வாயை மூடிவிடும். அதற்குப் பிறகு சப்பாத்துச் சத்தம்.

இப்போது நாம் கொட்டாஞ்சேனையில், இந்த நாலாம் மாடியில் குந்தியிருக்கிறோமே, அதே மாதிரித்தான். ஆமிக்காரர் இன்னும் கீழ்மாடியில் நிற்கிறார்கள். மேலே வர நேரமெடுக்கும். ஐடென்டிட்டி கார்டை மடியில் வைத்துக்கொண்டு ஆளையாள் பார்த்து நடுங்குவதை விட என் கதையைக் கேளுங்கள். மெழுகுதிரியை அணைக்காதே, சிவக்கொழுந்து. நான் வேதக்காரி; பேய் பிசாசை நம்பக் கூடாது என்று மாதா கோயில் பங்குச் சுவாமி சொல்லியிருக்கிறார். சரி, நம்பவில்லை. ஆனால் இதை எனக்குச் சொன்னவள் அருந்ததி. என் கந்தோரில் பக்கத்து மேசைக்காரி. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவளுக்கு எப்போதோ பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

அருந்ததி தன் பெரியம்மாவோடுதான் அந்த ஒழுங்கையில் இருந்தாள், மூன்றாம் மாடியில். நாகேஸ்வரி அன்ரி என்று நாங்கள் சொல்வோம். அன்ரிக்கு ஒரே மகன், கதிர்காமநாதன். எல்லோருக்கும் நாதன். புதுக்கடை நீதிமன்றத்தில் லோயர். றவுண்டப்பில் பிடிபட்டவர்களை வெளியே எடுக்கிற வழக்குகள்தான் அவனுக்கு. அழுதுகொண்டு வருகிற தாய்மாரிடம் அவன் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஆரம்மா தகவல் குடுத்தது?" யாரோ ஒருவர் சொல்லாமல் பொலிஸ் ஒரு வீட்டைத் தேடி வராது, சொன்ன ஆளைக் கண்டுபிடித்தால் பிடிபட்டவனை வெளியே எடுத்துவிடலாம் என்பான்.

கிழமை நாளெல்லாம் இப்படி. சனிக்கிழமை வந்தால் ஆள் வீட்டில் இல்லை. ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலை என்று போய்விடுவான். அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடப்பான். விடியற்புறம் குருவி கத்துவதைக் கேட்பதற்காகக் குளிரில் விறைத்துக் கிடப்பான். கேட்டதை அப்படியே விசிலடித்தும் காட்டுவான். திங்கட்கிழமை கறுப்புக் கோட்டோடு நீதவானுக்கு முன்னால் நிற்கும்போது, காலுறையில் அட்டைக்கடி ரத்தம் ஊறியிருக்குமாம். பூட்டிய அறை மட்டும் அவனுக்கு ஆகாது. தடுப்புக்காவலில் யாரையாவது பார்த்துவிட்டு வந்தால், அன்றிரவு பல்கனியில்தான் பாய் போடுவான்.

யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பெடியன், முதுகில் பை, காலில் பூட்ஸ், கையில் திசைகாட்டி... அன்ரி தலையில் அடித்துக்கொள்வார். வீட்டில் இரு தம்பி, வீட்டில் இரு தம்பி என்று அதே பேச்சு. கடைசியில் ஆமி அவனை ஒன்றும் செய்யவில்லை. எங்கேயோ ஒரு ஓடையில் இறங்கி நடந்திருக்கிறான். எலிக்காய்ச்சல். ஒரு கிழமைதான்... முடிந்துவிட்டது. முப்பது வயது ஆகவில்லை. கனத்தை மயானத்தில் எரித்தார்கள்.

செத்தவரின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் ஒரு சின்ன பல்பு எரியவிடுவது உங்கள் வீடுகளில் வழக்கம்தானே. நாதனுக்கு அதுவும் இல்லை. கோட்டோடு எடுத்த படம் யாழ்ப்பாணத்து வீட்டில்; யுத்தத்தால் அங்கே போகிற பாதை பூட்டு. இங்கே இருந்ததெல்லாம் காட்டுக்குள் எடுத்த படங்கள், பச்சைத் தொப்பியும் பூட்ஸுமாக. அதைச் சுவரில் மாட்டினால், வருகிற ஆமிக்காரன் என்ன நினைப்பான்? அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். அவனுடைய பின் அறையைப் பூட்டினார்கள். ஒரு படத்துக்கு முன்னால் நின்று அழவும் முடியாமல் அன்ரி பாதியாகிப் போனார். ஒருக்கா அவன் முகத்தைக் கண்டால் போதும் என்று, அது ஒன்றையே சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

அந்த நேரம்தான் நான் சொன்ன றவுண்டப்.

கதவைத் தட்டினார்கள், திறந்தார்கள். ஒரு ஒஃபிசரும் மூன்று நாலு பேரும். கட்டிலுக்குக் கீழே, அலுமாரி, குசினி. ஒருவன் பின் அறைச் சாவியை வாங்கித் திறந்து உள்ளே போனான். டோர்ச் வெளிச்சம் சுவரில் அலைந்தது... நின்றது. பிறகு பேச்சுக் குரல். அவன் குரல் மட்டும்தான். ஏதோ கேட்கிறான். நிறுத்துகிறான். "ஹரி... ஹரி" என்கிறான், சரி சரி என்று. வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினான், உள்ளே ஆள் இருக்கும்போது சாத்துகிற மாதிரி.

மகன் இருக்கிறார், லோயராம், கார்ட் காட்டினார் என்று ஒஃபிசரிடம் சிங்களத்தில் சொன்னான். போகும்போது அவன் அன்ரியைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மே, புத்தாட்ட சீத்தலய்."

மகனுக்குக் குளிருதாம். சித்திரை மாதப் புழுக்கம். சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் படியிறங்கியதும் இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. மெத்தையில் தூசி அப்படியே கிடந்தது. ஆனால் மணம்... நனைந்த புல், விறகுப் புகை, சவர்க்காரம். மூன்றாம் மாடியில், கடல் காற்று வீசுகிற அறையில். அருந்ததி வாசலைத் தாண்டவில்லை. அன்ரி தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்தாராம்.

"அவன் வந்திட்டான் பிள்ளை."

அதற்குப் பிறகு அன்ரி இரவிரவாக அந்த அறையில் விழித்திருந்தார். ஒன்றும் தெரியவில்லை. பெற்றவள் கண்ணுக்குத் தெரியாதவன், தேடி வந்தவன் கண்ணுக்குத்தான் தெரிந்தான். அதனால் என்ன செய்தார் தெரியுமா? ஆமி எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினார். கேத்திலில் தண்ணீர் தயாராக இருக்கும். கதிரையில் நாதனின் கம்பளிச் சுவெட்டர் மடித்து வைத்திருக்கும். ஆமி வரட்டும் என்று சாமிக்கு விளக்கு வைத்த ஒரே தமிழ்ப் பெண் இந்தக் கொழும்பில் அவராகத்தான் இருக்கும்.

வந்தார்கள், இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவன் அந்த அறைக்குள் நின்று கதைத்தான். தேத்தண்ணீரைக் கையில் கொடுத்து, அரைகுறைச் சிங்களத்தில் அன்ரி கேட்பார், மகன் மெலிந்துவிட்டானா, சாப்பிட்டவன் மாதிரி இருக்கிறானா என்று. ஒருவன் சொன்னான், ஜன்னலடியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று. கடைசியாக வந்தவன் சிரித்தான். உங்கள் மகன் பூட்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார், மலைக்குப் போகப் போகிறாராம், உங்களிடம் சொல்லவில்லையா என்றான்.

அன்றிரவு அருந்ததி அழுதுகொண்டு சொன்னாள். "போக விடுங்கோ பெரியம்மா. அண்ணாவுக்கு வீட்டுக்குள்ள இருக்கேலாது. கதவைத் திறந்து விடுங்கோ."

"இன்னும் ஒருக்கா. ஒருக்கா மட்டும்."

பிறகு அந்த ஒழுங்கைக்கு ஆமி வரவில்லை. கிழமைகள் போயின. அறையில் மணம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம், அருந்ததி கந்தோரில் இருக்கும்போது, அன்ரி காலி வீதிக்கு நடந்துபோய், டெலிபோன் கடை ஒன்றில் சேலைத் தலைப்பால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு பொலிசுக்குச் சொன்னார். இன்ன ஒழுங்கை, இன்ன வீடு, பின் அறையில் ஒரு ஆள். காட்டுக்குப் போய் வருகிறவன். பூட்ஸ் வைத்திருக்கிறான், திசைகாட்டி வைத்திருக்கிறான். எதைச் சொன்னால் கட்டாயம் வருவார்களோ, அதையெல்லாம் சொன்னார்.

...கேட்கிறதா? இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். வரட்டும். கிட்ட வந்து இருங்கள்.

அன்றிரவே வந்தார்கள். ஆனால் இவர்கள் வேறு ஆட்கள். யூனிஃபோர்ம் இல்லை. கீழே நின்ற வானுக்கு நம்பர் இல்லை. மூன்று பேர், காலில் ரப்பர் சிலிப்பர். தேத்தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின் அறைக்குப் போனார்கள். இந்தத் தடவை பேச்சுக் குரல் இல்லை. கதிரை ஒன்று விழுந்தது... அவ்வளவுதான். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அன்ரி கண்ணுக்கு மூன்று பேர்தான். ஆனால் படியில் கேட்டது சிலிப்பர் சத்தம் மட்டுமில்லை. நடுவில் ஒரு சோடி பாரமான பூட்ஸ்... இழுபட்டு, இழுபட்டு, ஒவ்வொரு படியாக இறங்கியது.

அன்ரி பின்னால் ஓடினார். "அவன் செத்துப் போனவன். செத்தவனை எங்க கொண்டு போறியள்?"

கடைசியாக இறங்கியவன் திரும்பி நல்ல தமிழில் சொன்னான். "விசாரிச்சிட்டு விடுவம்."

வான் கதவு இழுத்துச் சாத்திய சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. கட்டிலுக்குக் கீழே கிடந்த நாதனின் பூட்ஸைக் காணவில்லை. சுவெட்டர் நிலத்தில் கிடந்தது. மணமும் போய்விட்டது. அடுத்த றவுண்டப்பில் ஒரு ஆமிக்காரன் பின் அறைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். "கவுருத் நே" என்றான். ஒருவரும் இல்லையாம். அன்ரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருக்காப் பார்க்கச் சொன்னாராம். அவன் கையை உதறிவிட்டுப் போய்விட்டான்.

எங்கே போய்க் கேட்பது? மரணச் சான்றிதழ் உள்ளவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எந்த லோயர் வழக்குப் போடுவான்?

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குக் கிட்ட இருக்கும். ஒரு மனிதர் அந்த வீட்டைத் தேடி வந்தார். அடைக்கப்பன் என்று பெயர். செட்டியார் தெருவில் நகைக்கடை வேலை. வேறு யாரோ என்று பிடித்துக்கொண்டு போய், எங்கே என்று தெரியாத ஒரு இடத்தில் வைத்திருந்துவிட்டு விட்டிருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாராம். கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, அன்ரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்களோட ஒரு லோயர் ஐயா இருக்காரும்மா. உங்க மகனாம். அவருதான் விலாசம் சொன்னாரு. அங்க ஜன்னல் கிடையாது. ராவா பகலான்னு தெரியாது. விடிஞ்சா ஐயா குருவி மாதிரி விசிலடிப்பாரு. அத வச்சுத்தான் எங்களுக்கு விடிஞ்சது தெரியும்."

அருந்ததிதான், அண்ணா ஏதாவது சொல்லி விட்டாரா என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. யாரு தகவல் குடுத்ததுன்னு அம்மாகிட்ட கேக்கச் சொன்னாரு. அது மட்டும் தெரிஞ்சா வெளிய வந்துடலாமாம்." தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்தார். "ஆனா தெரிஞ்சாலும் நான் எப்படிம்மா போய்ச் சொல்றது? அந்த இடம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அன்றிலிருந்து அன்ரியின் படுக்கை பின் அறையில். விளக்கணைத்த பிறகு அருந்ததிக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்குமாம்.

"நான்தான் தம்பி. அம்மாதான் சொன்னது."

பிறகு மறுபடியும் அதே வார்த்தை. அந்த அறையில் அதைக் கேட்க யாரும் இல்லை. விடியப்போகிற நேரம் எழுந்து, ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு நிற்பாராம். வெள்ளவத்தையில் அந்த நேரத்துக்குக் காகம்தான் கத்தும்.