அஞ்சு மணி வரைக்கும்

— படியிலயே ஏறிடலாம்னு சொன்னேன்ல.

— ஏழு மாடி. மூச்சு வாங்கும்.

— உனக்குத்தான் வாங்கும். எதுக்குப்பா நின்னுச்சு?

— லிஃப்டுன்னா நிக்கத்தான் செய்யும்.

— மாடியில நிக்கணும். நடுவுல இல்ல.

— பொறும்மா. பாக்குறேன்.

— லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டான்னா ஊரே சிரிக்கும்.

— சரக்கு லிஃப்ட்தானே. மூட்டை முடிச்சோட மூட்டையா இரு. மணி என்ன?

— நாலு நாப்பத்தாறு. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கப்பா. அதுக்குள்ள மேல கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் காலேஜை மாத்தணும். இல்லேன்னா போன வாரம் போட்டதுதான்.

— போன்லயே மாத்தேன்.

— வீட்டுலயே போன்ல அந்த வெப்சைட் திறக்கல. இங்க சிக்னலே இல்ல. நீ அலாரம் மணி அடிச்சியா?

— அடிச்சேன்.

— கேக்கலியே.

— இங்க கேக்காது. கீழ கேக்கும். கூட்டாளி டீயைக் குடிச்சிட்டு வருவான்.

— டீ குடிச்சிட்டா!

— ஆறிப்போயிடும்ல. போன வாரம் எதைப் போட்டே? அந்த செத்த பாஷைக் காலேஜா?

— பழைய மொழிப்பா.

— அதைப் பேச ஆள் இருக்கா?

— இல்ல.

— அப்பச் செத்ததுதானே.

— சரி, செத்ததுதான். அதான் வேணாம்னு மாத்தப் போறேன். உனக்குச் சந்தோஷம்தானே?

— எனக்கென்ன. நேத்து வரைக்கும் ஒத்தைக் கால்ல நின்னது நீ.

— நேத்து அம்மா அழுதா.

— அவ அழுறது புதுசா?

— கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறேன், விட்டது அத்தனையும் கண்ணீரோட வழியுது. மறுபடி விட்டேன். மறுபடி வழிஞ்சுது. 'நீ போயிட்டா எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா'ன்னா. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மருந்து விடணும். எந்த மாத்திரை எதுன்னு சொல்லணும். பஸ் நம்பர் சொல்லணும். நீ காலைல போனா ராத்திரிதான் வர்றே.

— அதான் நீ இருக்கியே.

— இருக்கப்போறேன்னுதான் சொல்றேன். பக்கத்துக் காலேஜ், கணக்குப் படிப்பு, இருபது நிமிஷம் பஸ்ஸு. மருந்து நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடலாம். சாயங்காலம் ஒரு பழைய மொழி வகுப்பும் இருக்கு. வாரத்துல ஒரு நாள்.

— எத்தனை மணி நேரம்?

— ரெண்டு.

— அங்க?

— அங்கன்னா?

— ரயில்ல ஒரு பகல் ஒரு ராத்திரி போகணுமே, அங்க.

— அங்க நாள் முழுக்க அதுதான். நாலு மொழி. களிமண் பலகை இருக்குப்பா. ஈரமா இருக்கும்போதே குச்சியால குத்திக் குத்தி எழுதியிருக்காங்க. ஒரு பலகை படத்துல பாத்தேன், ஓரத்துல எழுதினவன் விரல் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு.

— காயறதுக்குள்ள கையை வெச்சிருக்கான். அவசரக்காரன்.

— மூவாயிரம் வருஷமாச்சு அவசரப்பட்டு.

— என் ரேகைகூட ஊர்ல உள்ள லிஃப்ட் பேனல் எல்லாத்துலயும் இருக்கு, கிரீஸோட. அதைப் படிக்க எவன் வரப்போறான்? என்ன எழுதியிருந்துச்சு?

— முழுசாப் படிக்கத் தெரியல. அதைப் படிக்கத்தான்... விடுப்பா. மூச்சு முட்டுது.

— லிஃப்டுல மூச்சு முட்டி எவனும் செத்ததில்ல. இடுக்குல காத்து வரும்.

— நாலு அம்பத்தஞ்சு. உன் கூட்டாளி டீக்கடையை வெலைக்கு வாங்குறானா?

— வருவான்.

— கதவை நெம்புப்பா. பையில கம்பி இருக்குல்ல?

— நெம்பினா எதிர்ல செவுருதான்.

— மேல மூடி இருக்கே. தூக்கி விடு. கயித்தைப் பிடிச்சு ஏறிடுறேன்.

— கிரீஸு. வழுக்கி விழுந்தா உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது?

— இப்ப மட்டும் யார் சொல்றது? 'எங்கயும் போகலம்மா, அழாதே'ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. ஏதாவது பண்ணுப்பா. இவ்ளோ வருஷம் வேலை பாத்திருக்கியே, சும்மா உக்காந்திருக்கே!

— உக்காரும்மா நீயும்.

— ஒரு நிமிஷம்தான் இருக்கு.

— ம்.

— அப்பா.

— ம்.

— அஞ்சாச்சு.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது.

— இனி மாத்த முடியாதா?

— முடியாது.

— ஆபீசுக்கே போய் அழுதா?

— அழுதாலும் முடியாது. அங்கதான் போகணும். இல்லேன்னா இந்த வருஷம் எங்கயும் இல்ல.

— சரி. கொஞ்சம் நகரு. பேனல்ல கை வைக்கணும்.

— இனிமே வெச்சு என்ன... ஏய். ஓடுது.

— ஓடும்.

— என்ன சாவி அது? திருப்பினதும் ஓடுது!

— ஆமா.

— நீதான் நிறுத்தினியா? சொல்லுப்பா. நீதானே? ஐயோ, அவளை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியா? கண்ணு தெரியாதவளை ஏமாத்திட்டியே! நீ பண்ணது தெரிஞ்சா அம்மா உன் மூஞ்சில முழிப்பாளா?

— அவதாம்மா அனுப்பினா. 'என் அழுகைய என்னால நிறுத்த முடியல, நீ போய் லிஃப்டையாவது நிறுத்து'ன்னு.