இரண்டு விரல்கடை கூடுதல்

வில் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, ஏட்டய்யா. கத்தி பிடிக்கத் தெரிந்த யாரும் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம். தனுஷ்கோடிக்கு வந்து கடலில் முழுக்குப் போடும் யாத்திரைக்காரர்கள் திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வில் வாங்கிப் போவார்கள். பாம்பனில் அதைச் செய்கிறவன் நான் ஒருவன்தான். பெயர் முனியசாமி, வயது முப்பத்தாறு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வில்லைவிட அச்சுதான் முக்கியம். பூவரசம் பலகையில் வளைவை வரைந்து, ரம்பத்தால் அறுத்து, ஓரத்தில் நாலைந்து முளை அடித்தால் அச்சு தயார். ஊறிய மூங்கில் பிளாச்சை அனலில் வாட்டி, அச்சின்மேல் அழுத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி நிழலில் போட்டுவிட வேண்டும். மூங்கிலுக்கு ரோஷம் உண்டு. கட்டை அவிழ்த்ததும் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அதனால் வேண்டிய வளைவைவிட இரண்டு விரல்கடை கூடுதலாக வைத்தே அச்சை வெட்டுவேன்.

கயிறு கட்டுவது என் தங்கச்சி ராக்கு. அய்யாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. சுதந்திரம் வந்த வருஷம் அம்மாவும் காலராவில் போனாள். அப்போது ராக்குவுக்கு எட்டு வயது, எனக்கு இருபது. நான்தான் சோறாக்கிப் போட்டேன், தலை பின்னிவிட்டேன். ஊரில் கேலி செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் இருக்கும்போது எனக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை.

போன வருஷம் தை மாதம், தூத்துக்குடியில் தோணி கட்டும் குருநாதனுக்கு அவளைப் பேசி முடித்தேன். வெற்றிலை பாக்கு மாற்றியது நான்தான். என்னைக் கெட்ட அண்ணன் என்று யாரும் சொல்ல முடியாது. வைகாசியில் முகூர்த்தம் குறித்தோம். பங்குனியில் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. கல்லில் பாசி இருந்தது, அதில் என் கை எதுவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு வாவு முகம்மது ஓடி வந்தார். “ஏலே முனியசாமி, யோசிக்காத. ரயில்ல ஏத்தி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்” என்றார்.

“நானே கட்டிருவேன் காக்கா” என்றேன்.

அவர் நம்பியதில் தப்பில்லை. தோணிக்காரர்கள் இரண்டு பேருக்கு நான் முறிந்த கையைக் கட்டியிருக்கிறேன். இரண்டும் நேராகக் கூடின. நேராகக் கூட வேண்டுமென்றால் நேரான பலகை வைத்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். பட்டறையில் நேரான பலகை இருந்தது. பக்கத்தில் அச்சு வெட்ட எடுத்துவைத்த பூவரசும் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஏட்டய்யா. வைகாசிக்குப் பிறகு, அவள் இல்லாத வீட்டுக்குள் எதற்காகப் போவேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ரம்பத்தை எடுத்தேன்.

லேசான வளைவுதான் மனதில் இருந்தது. நடை கொஞ்சம் சாய்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள், அது போதும். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, அவள் காலை அச்சில் வைத்துக் கட்டினேன். வலி தாங்காமல் என் தோளைக் கடித்தாள். முடித்ததும் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

பதினோராம் நாள், “அண்ணே, கால் ஒரு பக்கமா இழுக்குது. அவுத்துப் பாருங்கண்ணே” என்றாள்.

“எலும்பு கூடயில அப்படித்தான் இருக்கும் தாயி” என்று சொல்லி இன்னொரு சுற்று இறுக்கினேன். பிறகு தினமும் கேட்டாள். எழுந்திருக்க முடியாமல் பாயிலேயே கிடந்தாள். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் பார்க்க வந்தால், அவர் போகும்வரை நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன்.

நாற்பத்தொன்றாம் நாள் அவிழ்த்தேன். பழக்க தோஷத்தில் இந்த அச்சையும் இரண்டு விரல்கடை கூடுதலாக வெட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மூங்கில்தான் நிமிரும், எலும்பு நிமிராது. நான் நினைத்ததைவிட அதிகமாகக் கோணிவிட்டது. அதற்காக மனசார வருத்தப்படுகிறேன்.

ராக்கு காலைப் பார்க்கவில்லை. பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என் அச்சுகளில் கயிறு கட்டுகிறவள் அவள்.

“இந்த அச்ச எந்த வில்லுக்குண்ணே வெட்டுனீங்க?”

கஞ்சி ஆறுகிறது, குடி என்றேன்.

குருநாதனின் அம்மா வந்து அவள் நடையைப் பார்த்துவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கல்யாணம் நின்றது. ராக்கு என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஆனால் சோறாக்கினாள், கயிறு கட்டினாள். கடற்கரைப் பக்கம் போனால் அந்தக் கால் மணலில் புதையும் என்பதால் வாசலைத் தாண்டுவதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தோம். எனக்கு அது நல்ல வருஷம்.

போன வாரம் குருநாதன் தனியாக வந்தார். “கால் எப்பிடி இருந்தா என்ன மச்சான்? அம்மா சொல்லுக்கு இத்தன நாளும் கட்டுப்பட்டிருந்தேன். நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். பிறகு அவளிடம் நடக்க முடியுமா என்று கேட்டார்.

“டேசன் வரைக்கும் நடப்பேன்” என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் குரலை அப்போதுதான் கேட்டேன். நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ரயில் கிளம்பும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலில் இடம் கிடைத்திருக்கும்.

அவள் புகார் எதுவும் கொடுக்கவில்லையே என்கிறீர்கள். கொடுக்க மாட்டாள், நான் வளர்த்த பிள்ளை. அதனால்தான் நானே வந்தேன். தெரிந்தே செய்தேன், அவள் போகக்கூடாது என்பதற்காகவே செய்தேன். கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஆனால் தூத்துக்குடிக்கு இன்றைக்கே தகவல் சொல்லி அனுப்புங்கள். சாட்சி சொல்ல அவள் வந்தாக வேண்டும் இல்லையா. அண்ணன் லாக்கப்பில் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டால், ராக்கு அடுத்த ரயிலிலேயே வந்துவிடுவாள்.